கேம் இசையிலிருந்து சினிமாவுக்குப் போக முடியுமா?

விசை88:
ஒரு சின்ன ஸ்டுடியோவின் மொபைல் கேம்களுக்கு இசை போட்டுத் தருகிறேன். ஆசை என்னவோ சினிமாதான். ‘கேம் பக்கம் போனால் முத்திரை குத்திவிடுவார்கள், அப்புறம் சினிமாக்காரர்கள் சீண்ட மாட்டார்கள்’ என்கிறார் தெரிந்த அண்ணன் ஒருவர். உண்மையா?

பழைய கேமர்:
ஹாலிவுட் இசையமைப்பாளர் மைக்கேல் ஜியாக்கினோவைப் பாருங்கள். ‘அப்’ படத்தின் இசைக்கு 2010-இல் ஆஸ்கர் வாங்கினாரே, அவரேதான். அவர் இசை போட்ட ‘மெடல் ஆஃப் ஹானர்’ கேமை ஆடியவர்களுக்கு அவரை 1999-லேயே தெரியும்.

ஒலிக்கூடம்:
கேம் ஆடியோதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஜியாக்கினோ நியூயார்க்கில் படித்தது சினிமா தயாரிப்பு. அங்கேயே ஜூலியார்ட் இசைப் பள்ளியில் வகுப்புக்கும் போனார். வேலை கிடைத்தது சினிமா கம்பெனிகளின் விளம்பரப் பிரிவில். அங்கிருந்து கேம் பக்கம் நகர்ந்தார். 1997-இல் ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ என்ற ‘ஜுராசிக் பார்க்’ டைனோசர் கேம், பிளேஸ்டேஷனுக்கு. கேம் இசை என்றாலே சின்தசைசர் என்றிருந்த காலத்தில், இதற்கு நிஜ ஆர்க்கெஸ்ட்ராவை உட்காரவைத்துப் பதிவு செய்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் உங்கள் அண்ணனுக்குப் பதில். அவருடைய கேம் இசையைக் கேட்டுத்தான் ஜே.ஜே. ஆப்ரம்ஸ் அவரைத் தான் உருவாக்கிய ‘ஏலியஸ்’ டிவி தொடருக்குக் கூப்பிட்டார். ‘ஏலியஸ்’ இசை இயக்குநர் பிராட் பேர்டின் காதில் விழுந்தது, 2004-இல் அவருடைய ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ படம் கைக்கு வந்தது. அதே ஆண்டு, விமான விபத்தில் தப்பியவர்களின் கதையான ‘லாஸ்ட்’ தொடர். அதில் விமானத்தின் உடைந்த பாகங்களையே தட்டித் தாளமாக்கினார். இவர் வாய்ப்புக் கேட்டு டெமோவைத் தூக்கிக்கொண்டு அலைந்ததாகத் தெரியவில்லை. செய்த வேலையே போய்க் கதவைத் தட்டியிருக்கிறது.

விசை88:
சரி, அவர் கையில் டைனோசர் இருந்தது. நான் மிட்டாய் உடைக்கிற கேமுக்குத் திரும்பத் திரும்ப ஓடுகிற இசைத் துண்டு, அதான் லூப், போட்டுக்கொண்டிருக்கிறேன் 🙂

ஒலிக்கூடம்:
மிட்டாயிலும் வேலை இருக்கிறது, தம்பி. உங்கள் லூப் திரும்ப ஆரம்பிக்கிற இடத்தில் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். கடைசி சுரத்தின் ரிவெர்ப் வால், அதாவது சுரம் நின்ற பிறகும் நீளுகிற எதிரொலி, சட்டென்று அறுந்தால் ஆடுகிறவனுக்குக் காரணம் புரியாமலே எரிச்சல் வரும். அந்த வாலைத் தனியாக எடுத்து லூப்பின் தொடக்கத்தின் மேல் ஒட்டுங்கள். அடுத்து, இசையை அடுக்கடுக்காகப் பிரித்துக் கொடுங்கள். ஆட்டம் சூடு பிடிக்கும்போது தாள அடுக்கு மட்டும் மேலே ஏறட்டும். கேமுக்குள் ஒலியைக் கோக்கிற மென்பொருள்களான எஃப்மாட் (FMOD), வைஸ் (Wwise) இரண்டிலும் இதைச் செய்யலாம்.

ஆனால் சினிமா வேறு கணக்கு. கேமில் ஆடுகிறவன் எவ்வளவு நேரம் நிற்பான் என்று நமக்குத் தெரியாது. சினிமாவில் கதவு எந்த ஃபிரேமில் திறக்கிறது என்பது வரை தெரியும். அதனால் இயக்குநருக்கு லூப்பை அனுப்பாதீர்கள். ஆரம்பம், ஏற்றம், முடிவு உள்ள இரண்டு நிமிடத் துண்டு அனுப்புங்கள். முடிந்தால் ஏதாவது குறும்படக் காட்சிக்கே போட்டு அனுப்புங்கள்.

பழைய கேமர்:
குறும்படம் எடுக்கிற பசங்க எல்லாரும் இசைக்கு ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். காசு மட்டும் கேட்காதீர்கள், ஓடிவிடுவார்கள்.

ஒலிக்கூடம்:
காசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இசை உரிமை யாருக்கு என்பதை மட்டும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.