இறங்காமல் அதிக நேரம் பறந்த பயணி விமானச் சேவை எது? பெர்த்–கொக்கலை விடைக்கு மறுப்பு உண்டா?

வினாவேலு:
வினாடி வினாவுக்கு எடுத்து வைத்திருக்கும் கேள்வி இது: "இடையில் எங்கும் இறங்காமல் அதிக நேரம் வானில் இருந்த பயணி விமானச் சேவை எது?" விடை: இரண்டாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸின் கேட்டலைனா கடல் விமானங்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இலங்கையின் கொக்கலைக்கும் இடையே பறந்த 'டபுள் சன்ரைஸ்' சேவை (ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயம் பார்ப்பதால் வந்த பெயர்). 1943 ஜூன் 29 முதல் 1945 ஜூலை 18 வரை. 3,513 கடல் மைல். அதிகபட்சம் 32 மணி 9 நிமிடம். 860 பயணிகள். அச்சுக்குப் போகும் முன் மறுப்பு இருந்தால் சொல்லிவிடுங்கள்.

பிளாக்டைம்:
மறுப்பு உண்டு. முதல் கோளாறு 'பயணி விமானச் சேவை' என்பதிலேயே இருக்கிறது. டிக்கெட் விற்றார்களா? இல்லை. அட்டவணை அச்சடித்தார்களா? அதுவும் இல்லை. புறப்படும் நேரமே ரகசியம். ஏறியவர்கள் அரசு முன்னுரிமைப் பட்டியலில் இருந்த அதிகாரிகளும் படை ஆட்களும். ஒரு தடவைக்கு அதிகபட்சம் மூன்று பேர், அவர்களோடு 69 கிலோ தபால். அந்தத் தபாலும் தூதரக, ராணுவத் தபால். இது போர்க்காலத் தூதுப் பயணம். இதை விமான நிறுவனச் சாதனை வரிசையில் வைத்தால், நாளைக்கு யாராவது குண்டுவீச்சு விமானத்தில் தபால் மூட்டையைப் போட்டுவிட்டு அதுவும் சாதனைதான் என்பார்.

என் விடை டிடபிள்யூஏ என்ற அமெரிக்க விமான நிறுவனம். 1957 அக்டோபர் 1–2, லண்டனிலிருந்து சான்பிரான்சிஸ்கோ, லாக்ஹீட் எல்-1649ஏ ஸ்டார்லைனர். 23 மணி 19 நிமிடம். காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் ஏறலாம்.

கொக்கலை_43:
அண்ணை, குண்டுவீச்சு விமானத்தோட இதை ஒப்பிடாதேங்கோ. ஐந்து கேட்டலைனாக்களிலும் இருந்தது பிரிட்டனின் சிவில் பதிவெழுத்து. வேகா ஜி-ஏஜிஎஃப்எல், ஆல்டேர் ஜி-ஏஜிஎஃப்எம், ரைஜல் ஜி-ஏஜிஐடி, அன்டாரெஸ் ஜி-ஏஜிஐஇ, ஸ்பைகா ஜி-ஏஜிகேஎஸ். விமானங்களைக் கொடுத்தது பிரிட்டிஷ் அரசு. ஓட்டியது குவாண்டாஸின் சிவில் விமானிகள். மேற்குப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த பில் குரோதரும் மூத்த கேப்டன் ரசல் டாப்பும் போருக்கு முன்பே அந்த நிறுவனத்தில் இருந்தவர்கள்.

ஏன் தொடங்கினார்கள் என்பதையும் பாருங்கோ. 1942 பெப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்ததும் சிட்னி–லண்டன் விமானப் பாதை நடுவில் அறுந்துபோச்சு. அந்த அறுந்த துண்டை ஒட்டத்தான் இந்தச் சேவை. கொக்கலையில் இறங்கினவர் அங்கிருந்து பிஓஏசி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் விமானத் தொடர்பைப் பிடித்து லண்டன் வரைக்கும் போகலாம். பிறகு கேட்டலைனாக்களே கராச்சி வரைக்கும் நீண்டன. இரண்டு வருசத்தில் 271 தடவை கடல் கடந்தன. ஒன்றுகூட விழவில்லை. பயணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்' என்று சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். இதைச் சேவை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்லுவது?

கணக்குப்பிள்ளை:
சேவையா இல்லையா என்று நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள். அதற்குள் வேலு அந்த 3,513 கடல் மைலை அடித்துவிடட்டும். இணையத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிப் பரவிவிட்ட தவறு அது.

பெர்த்தில் ஸ்வான் ஆற்று இறங்குதுறை ஏறத்தாழ தெற்கு 31.98, கிழக்கு 115.81. கொக்கலை ஏரி வடக்கு 5.99, கிழக்கு 80.32. தீர்க்கரேகை வித்தியாசம் 35.49 பாகை. பெருவட்டப் பாதைச் (உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி) சூத்திரத்தில் போட்டால் இடைக்கோணம் 50.83 பாகை வரும். பாகைக்கு 60 கடல் மைல் (ஒன்று 1.852 கிலோமீட்டர்). ஆக 3,050 கடல் மைல். கிலோமீட்டரில் 5,650-ஐ ஒட்டி. இதையே தரை மைலாக்கினால் (ஒன்று 1.609 கிலோமீட்டர்) 3,510. பழைய கணக்கில் இருந்த 3,513 தரை மைல்தான். எவரோ அதைக் கடல் மைல் என்று எழுதிவிட, அடுத்தவர் அந்தக் கடல் மைலைக் கிலோமீட்டராக மாற்றி 6,500 ஆக்கிவிட்டார். ஒரே தவறில் 850 கிலோமீட்டர் கூடிவிட்டது.

பிளாக்டைம்:
ஜப்பானியர் கண்ணில் படாமல் சுற்றிப் போனார்கள், அதனால் பெருவட்டத் தூரத்தைவிடக் கூடத்தான் செய்யும் என்று ஒரு வாதம் உண்டே?

கணக்குப்பிள்ளை:
கூடியிருக்கும். ஆனால் 15 சதவீதமா? சராசரிப் பயணம் 28 மணி. 3,513 கடல் மைலை 28 மணியில் முடிக்க, தரையை ஒப்பிட்டு சராசரி 125 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம் வேண்டும். பாரம் ஏற்றி, பெட்ரோலை மிச்சம் பிடித்து ஓட்டிய கேட்டலைனா 110 நாட்டைச் சுற்றித்தான் பறக்கும். போகும்போதும் வரும்போதும் பின்காற்றே கிடைத்தால் ஒழிய அந்தக் கணக்கு நிற்காது. 3,050-ஐ 28-ஆல் வகுத்தால் 109 நாட் வருகிறது. விமானத்தின் இயல்போடு அப்படியே பொருந்துகிறது.

அந்த 32 மணி 9 நிமிடத்தையும் பாருங்கள். சராசரி 95 நாட்தான் வரும். எதிர்க்காற்று 15 நாட் அளவுக்குத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். இந்த மாதிரி மெதுவான விமானத்துக்கு 15 நாட் என்பது பெரிய தொகை. இன்றைய ஜெட்டுக்கு அது தும்மல்.

860 பயணிகள் என்பதையும் அப்படியே அச்சடிக்காதீர்கள். தடவைக்கு மூன்று பேர் வீதம் 271 தடவைக்கு 813-தான் உச்சம். 860 சரி என்றால், பெர்த்–கொக்கலைத் தடம் அல்லாத பயணங்களும் அதில் கலந்திருக்க வேண்டும். இந்தத் தடத்துக்கு அந்த எண் ஆகாது.

வினாவேலு:
மைல், பயணிகள் எண்ணிக்கை இரண்டையும் எடுத்துவிடுகிறேன். எரிபொருள் பற்றி ஒரு துணைக்கேள்வி வைக்கலாமா?

கணக்குப்பிள்ளை:
தாராளமாக. 1,988 இம்பீரியல் கேலன், அதாவது 9,040 லிட்டர் அளவு. கேலனுக்கு 7.2 பவுண்டு என்றால் பெட்ரோல் மட்டும் 14,300 பவுண்டு. நிரப்பிய விமானம் புறப்படும்போது 35,000 பவுண்டுக்கு மேல். எடையில் பத்தில் நான்கு பங்கு பெட்ரோல். வழக்கமான எடை வரம்பைத் தாண்டிய பாரம் இது. அதற்கு இடம் கொடுக்கத்தான் பனி நீக்கும் கருவி, உட்புற வெப்பத் தடுப்பு உறை என்று கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றினார்கள். மூன்று பயணி, 69 கிலோ தபால் என்ற கஞ்சத்தனம் இங்கிருந்து வந்ததுதான்.

இதில் அபாயம் எங்கே என்றால் முதல் பத்து மணி நேரத்தில். இரண்டு பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப் என்ஜின், ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன். அந்த எடையில் ஒன்று நின்றுபோனால் மற்றொன்று விமானத்தை உயரத்தில் தாங்காது. பெட்ரோலைக் கடலில் கொட்டியாக வேண்டும், கொட்டினால் அக்கரை போய்ச் சேர முடியாது. அந்தப் பத்து மணி தாண்டி, பெட்ரோல் எரிந்து எடை குறைந்த பிறகுதான் ஒற்றை என்ஜினில் பிழைக்க வழி.

32 மணிப் பயணத்துக்கு வகுத்துப் பாருங்கள். தொட்டி காலியாகும்வரை ஓட்டினால்கூட இரண்டு என்ஜினுக்கும் சேர்த்து மணிக்கு 281 லிட்டருக்கு மேல் செலவழிக்க முடியாது. அன்றைக்கு என்ஜினியர், பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் மிக்சர் நெம்புகோலை விட்டுக் கையை எடுத்திருக்க மாட்டார்.

கொக்கலை_43:
இதோட ரேடியோவும் வாய் திறக்கக்கூடாது. வானிலைச் செய்தியை மோர்ஸ் தந்திக் குறியீட்டில் சுருக்கமாகக் கேட்கலாம், தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று சொல்லக்கூடாது. எதிரி விமானம் வரக்கூடிய பகுதியை இருட்டில் தாண்டும்படி நேரம் குறித்தார்கள். திசை பார்த்தது நட்சத்திரங்களை வைத்து. விமானங்களுக்கு நட்சத்திரப் பெயர் வைத்ததும் அதனால்தான்.

செப்பெலின்தாசன்:
இவ்வளவு கணக்குப் போட்டுவிட்டு அடிப்படையையே மறந்துவிட்டீர்களே! 32 மணியா? கிராஃப் செப்பெலின் என்ற ஜெர்மன் வான்கப்பல் (ஹைட்ரஜன் நிரப்பி மிதப்பது) 1929 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஃபிரீட்ரிஷ்ஹாஃபனிலிருந்து டோக்கியோவுக்கு இறங்காமல் போனது 101 மணி 49 நிமிடம். 11,247 கிலோமீட்டர். பயணிகளோடு.

பிளாக்டைம்:
அது உலகம் சுற்றிய சிறப்புப் பயணம். ஹெர்ஸ்ட் பத்திரிகைக் குழுமம் பெரும்பணம் போட்டு நடத்திய விளம்பரம். சேவைக் கணக்கில் வராது. கேட்டலைனாவுக்குச் சொன்ன அதே விதிதான் இதற்கும்.

செப்பெலின்தாசன்:
சரி, டோக்கியோவை விடுங்கள். 1930-களில் அதே கப்பல் பிரேசிலின் ரெசிஃபே நகருக்கு வழக்கமான சேவையாகவே போய்வந்தது. ஒரு வழி ஏறத்தாழ மூன்று நாள். அட்டவணை உண்டு, டிக்கெட் உண்டு, தபால்தலை உண்டு. 1936-இல் ஹிண்டன்பர்க் என்ற இன்னொரு வான்கப்பல் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டுக்குப் பத்து முறை போய்வந்தது. ஒரு வழிக் கட்டணம் 400 டாலர். மேற்கே போக 60 மணிக்கு மேல், திரும்பி வர 50 சொச்சம். பிளாக்டைம் கேட்ட டிக்கெட், அட்டவணை, பொதுமக்கள் மூன்றும் இதில் இருக்கிறது. அப்படியென்றால் டிடபிள்யூஏவின் 23 மணி எங்கே நிற்கும்?

எரிபொருள் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்கிறேன். வான்கப்பலில் பெட்ரோல் எரிய எரிய எடை குறையும், கப்பல் தானாக மேலே போகும். அடக்க வேண்டுமானால் ஹைட்ரஜனைத் திறந்துவிட வேண்டும், அது வீண். அதனால் கிராஃப் செப்பெலினின் ஐந்து மேபாக் என்ஜின்களும் 'பிளாவ்' வாயுவில் ஓடின. அதன் அடர்த்தி காற்றின் அடர்த்தியை ஒட்டியே இருக்கும். பையிலிருந்து வாயு குறையக் குறைய அந்த இடத்தில் காற்று நிற்கும், கப்பலின் எடை அப்படியே இருக்கும். ஹிண்டன்பர்க் டீசலுக்கு மாறியது, அதனால் மேலே விழும் மழைநீரை வாய்க்கால் வைத்துப் பிடித்து எடையை ஈடுகட்டினார்கள்.

பிளாக்டைம்:
சுவையான செய்திதான். ஆனால் காற்றில் மிதப்பதையும் இறக்கையால் தூக்கப்படுவதையும் ஒரே பட்டியலில் வைப்பதில்லை. சர்வதேச சாதனைப் பதிவுகளிலும் இரண்டும் தனித்தனி வகுப்பு.

செப்பெலின்தாசன்:
வேலுவின் கேள்வியில் இறக்கை என்று எங்கே இருக்கிறது?

வினாவேலு:
சேர்த்துவிடுகிறேன், "இறக்கை உள்ள விமானம்" என்று. இப்போதைய சிங்கப்பூர்–நியூயார்க் சேவையைச் சொல்லிக்கொண்டு யாராவது கையைத் தூக்குவார்களே?

கணக்குப்பிள்ளை:
தூக்கட்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை), கென்னடி விமான நிலையத்துக்கு 15,349 கிலோமீட்டர். அட்டவணையில் 18 மணி 40 நிமிடத்தை ஒட்டி இருக்கும். அதுவும் கதவு மூடிக் கிளம்பியதிலிருந்து நிறுத்துமிடம் வரையான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் அடக்கம். கேட்டலைனாவுக்குச் சொல்லும் 32 மணி வானில் இருந்த நேரம். இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால் ஜெட்டுக்குத்தான் சலுகை கிடைக்கிறது, அப்படியும் 13 மணி பின்தங்குகிறது. தூரத்தைக் கேட்டால் மட்டும் நிலைமை வேறு. 2020 மார்ச்சில் அமெரிக்காவில் இறங்க முடியாமல்போக, ஏர் தஹிட்டி நுயி நிறுவனம் தஹிட்டித் தீவின் பப்பீட்டேயிலிருந்து பாரிசுக்கு போயிங் 787-9-ஐ நேராக ஓட்டியது. 15,715 கிலோமீட்டர். பிரான்ஸ் ஆட்சிப்பகுதிக்குள்ளேயே என்பதால் அது உள்நாட்டுப் பயணம் வேறு!

பிளாக்டைம்:
2005 நவம்பரில் போயிங் 777-200எல்ஆர் ஹாங்காங்கிலிருந்து கிழக்கே சுற்றி லண்டன் போனது 22 மணி 42 நிமிடம். 1989 ஆகஸ்டில் குவாண்டாஸின் புது 747-400 லண்டன்–சிட்னி 20 மணி 9 நிமிடம். இரண்டிலும் டிக்கெட் வாங்கிய பயணி ஒருவரும் இல்லை என்பதால் நானே ஒதுக்கிவைக்கிறேன். அதே அளவுகோலில்தான் கேட்டலைனாவையும் ஒதுக்கச் சொல்கிறேன்.

கொக்கலை_43:
அவை இரண்டும் ஒரு நாள் கூத்து. இது 271 தடவை! டிக்கெட் இல்லை என்பதைத் தவிர உங்களிடம் வேறு வாதம் இல்லை. குவாண்டாஸ் இப்ப ஏ350-1000-ஐ வைத்து சிட்னி–லண்டன் நேரடிச் சேவைக்குத் தயாராகிற திட்டத்துக்கு 'சன்ரைஸ்' என்று பெயர் வைத்ததே இந்தக் கேட்டலைனாக்களை நினைத்துத்தான். நிறுவனமே தன்ர சேவை என்று சொல்லுது. அந்தப் புது விமானத்தில் கூடுதலாக 20,000 லிட்டர் தொட்டி வைத்தும் 22 மணிதான் இலக்கு.

கணக்குப்பிள்ளை:
1944-இல் குவாண்டாஸுக்கு நான்கு என்ஜின் லிபரேட்டர் விமானங்கள் வந்தபோதே இதே கடல் 17 மணி அளவுக்குச் சுருங்கிவிட்டது. அவை மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாப் பக்கமாகப் போய் அங்கிருந்து கடலைக் கடந்தன. குவாண்டாஸ் தன் சேவைக்குக் கங்காரு பெயரைச் சூட்டியது இந்த லிபரேட்டர்களிலிருந்துதான், கேட்டலைனாவிலிருந்து அல்ல. வேலு, அதையும் குழப்பிவிடாதீர்கள்.

வினாவேலு:
இறுதி வடிவம்: "இறக்கை உள்ள விமானத்தில், ஒரு விமான நிறுவனம் தொடர்ந்து நடத்திய, இடைநில்லாப் பயணிச் சேவைகளில் அதிக நேரம் வானில் இருந்தது எது?" பிளாக்டைம் ஒப்புக்கொள்வாரா?

பிளாக்டைம்:
"பொதுமக்களுக்கு டிக்கெட் விற்காத" என்று ஒரு வார்த்தை சேர்த்தால்.

கொக்கலை_43:
சேர்த்தால் விடையே கேள்விக்குள்ள வந்திடும். அதைவிட இரண்டாம் கேள்வியாக ஐந்து விமானங்களின் பெயரைக் கேளுங்கோ. தொடக்கத்தில் ஐந்தும் இருக்கவில்லை, ஒவ்வொன்றாகச் சேர்ந்தவைதான், அதைக் கவனித்து எழுதுங்கோ. போர் முடிந்ததும் லெண்ட்-லீஸ் (அமெரிக்கா நேச நாடுகளுக்குப் போர்த்தளவாடம் கொடுத்த ஏற்பாடு) ஒப்பந்தப்படி ஐந்தையும் கடலில் மூழ்கடித்தார்கள். நான்கு பெர்த்துக்கு எதிரே ராட்னெஸ்ட் தீவுக்கு அப்பால், ஒன்று சிட்னிப் பக்கம்.