ஏவுகணைப் பிரிவில் இருந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரர்:
விமானப்படையில், எதிரி விமானத்தைத் தரையிலிருந்து சுடும் பெச்சோரா ஏவுகணை ஸ்குவாட்ரன் ஒன்றில் மிஸைல் ஃபிட்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இங்கே தோப்பில் தேங்காய் போடும்போது ஒருவர் கேட்டார்: "சண்டையே இல்லையே, தினமும் என்னதான் பண்ணுவீங்க?" நியாயமான கேள்வி. ஒவ்வொரு ஏவுகணையும் 900 கிலோவுக்கு மேல், லாஞ்சருக்கு நான்கு. காலையில் உறையைக் கழற்றி கேபிள், கனெக்டர் எல்லாம் பார்ப்போம், மாலையில் மறுபடி உறை போடுவோம். என் சர்வீஸ் முழுக்க எதிரியை நோக்கி ஒன்றுகூடப் போகவில்லை. போகாததே நல்லது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அலுப்பு பழகிப்போய்விடும். பழகாதது வேறு. ஒருநாள் லோடிங் டிரில் நடுவில் சின்னப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். கனெக்டரில் ஒரு பின் லேசாக வளைந்திருந்தது. சொன்ன நேரத்துக்குள் டிரில் முடியவில்லை. அதிகாரி எல்லார் முன்னாலும் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். அப்புறம் மூன்று மாதம் பதிவேட்டில் ஒரு குறைகூட ஏறவில்லை. எந்த மிஷினும் அத்தனை சுத்தமாக இருக்காது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அடுத்து வந்த அதிகாரி டீ கிளாஸோடு லாஞ்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எதையெல்லாம் என்கிட்ட சொல்லாம வச்சிருக்கீங்க?" அன்றைக்கே பதிவேட்டில் ஒன்றரைப் பக்கம் நிரம்பியது.

2014-இல் அமெரிக்காவின் மொன்டானாவில், மால்ம்ஸ்ட்ரோம் விமானப்படைத் தளத்துச் செய்தி வந்தபோது அந்தப் பையன் முகம்தான் நினைவுக்கு வந்தது. அங்கே பூமிக்கடியில் இரண்டிரண்டு பேராக 24 மணி நேரம் உட்கார்ந்து, பத்து மினிட்மேன் அணு ஏவுகணைகளைப் பார்த்துக்கொள்வார்கள். அப்போது மாதாமாதம் வந்த தேர்வில் 90 எடுத்தால் பாஸ். ஆனால் 100 எடுக்காதவனுக்குப் பதவி உயர்வு இல்லை என்கிற நிலை. பதிலை மெசேஜில் அனுப்பி மாட்டிக்கொண்டார்கள். ஒன்பது கமாண்டர்களின் பதவியும் போயிற்று. காப்பி அடித்தது தப்புதான். எனக்கு அதைவிட, எப்போதும் 100 கேட்டவர்கள்மேல்தான் கோபம்.

நகரியிலிருந்து ஒரு சகோதரி:
அண்ணா, என் வீட்டுக்காரர் ஆகாஷ் என்கிற வான்பாதுகாப்பு ஏவுகணைப் பிரிவில் இருக்கிறார். லீவில் வந்தால், யாராவது வேலையைப் பற்றிக் கேட்டதுமே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது நான்கு நாள் போன் இல்லை. மாமியார் தெலுங்குச் சேனலையும் தமிழ்ச் சேனலையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தார். ஐந்தாம் நாள் கூப்பிட்டவர் எங்கே, என்ன என்று ஒன்றும் சொல்லவில்லை. "பசங்க அவங்கவங்க வேலையைச் சரியா பண்ணாங்க" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். அடுத்த லீவில் பக்கத்து வீட்டுத் தாத்தா அதே கேள்வியைக் கேட்டார். இவர் எழுந்து போகவில்லை. திண்ணையிலேயே உட்கார்ந்து, இன்னொரு காபி கேட்டார்.