பறப்பதற்கு முன் விமானத்தைச் சரிபார்க்கும்போது எதையாவது விட்டுவிடுகிறேன்

கேள்வி:
செஸ்னா 172-இல் பயிற்சி எடுக்கிறேன், 18 மணி நேரம் ஆகியிருக்கிறது. செக்லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் விமானத்தைச் சுற்றி வருகிறேன். ஆனாலும் போன வாரம் பிட்டோ குழாயின் (வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் குழாய்) உறையைக் கழற்றாமலே ஏறி உட்கார்ந்துவிட்டேன். பயிற்சியாளர் பார்த்துச் சொன்னார். நடுவில் ஒரு போன் வந்தது, பேசிவிட்டுத் தொடர்ந்தேன், அவ்வளவுதான். நீங்கள் என்ன பழக்கம் வைத்திருக்கிறீர்கள்?

பதில் 1:
அந்த போன்தான் காரணம். நடுவில் யார் கூப்பிட்டாலும், விட்ட இடத்திலிருந்து நான் தொடர மாட்டேன், மறுபடி முதலிலிருந்துதான். "இதுவரை பார்த்துவிட்டோம்" என்று மனது சொல்வதை நம்பாதீர்கள்.

இன்னொன்று, எரிபொருள். இரவெல்லாம் மழை பெய்த ஒரு காலையில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, இடது இறக்கை டேங்கின் அடியிலுள்ள வடிகாலிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கப்பில் பிடித்தேன். தெளிவாக இருந்தது, தூசி இல்லை, அடியில் குமிழும் இல்லை. சரி என்று நகரப் போனேன், ஏதோ உறுத்தியது. கப்பை வெள்ளை இறக்கைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல் இளநீலமாக இருக்க வேண்டும். இதில் நிறமே இல்லை. கப் முழுக்கத் தண்ணீர்! தண்ணீர் கொஞ்சமாக இருந்தால் பெட்ரோலுக்கு அடியில் தனியாகத் தெரியும். முழுவதும் தண்ணீரே என்றால் பிரிக்கிற கோடு எங்கிருந்து வரும்? ஏழாவது கப்பில்தான் நீலம் வந்தது. இறக்கையை ஆட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பிடித்தால் மறுபடி துளிகள். அன்று பறக்கவில்லை. டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்ததை மெக்கானிக் காட்டினார்.

அதனால் நிறத்தைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். எல்லா வடிகால்களிலும் பிடியுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதோடு, எரிபொருள் கேஜை நம்பாமல் டேங்கில் குச்சி விட்டு அளந்து பாருங்கள். ஏறியதும் கன்ட்ரோல் லாக் (நிற்கும்போது ஸ்டியரிங் அசையாமல் இருக்கப் போடும் பூட்டு) கழற்றியாகிவிட்டதா என்று பார்த்து, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, ஐலரான் (இறக்கையின் பின் விளிம்பில் அசையும் பலகை) சரியான பக்கம் அசைகிறதா என்று கவனியுங்கள். 1935-இல் போயிங் 299 விமானம் இப்படிப்பட்ட பூட்டை எடுக்காமல் கிளம்பித்தான் விழுந்தது. விமானிகளுக்குச் செக்லிஸ்ட் பழக்கமானதே அதற்குப் பிறகுதான்.

கேட்டவர்:
நன்றி. நான் இத்தனை நாளும் கப்பில் கோடு தெரிகிறதா என்று மட்டும்தான் தேடினேன், நிறத்தைக் கவனித்ததே இல்லை. பெட்ரோல் நிரப்பிய உடனே பிடிக்கலாமா?

பதில் 1:
கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் கீழே இறங்க நேரம் வேண்டும். அதுவரை புரொப்பெல்லரின் முன் விளிம்பில் வெட்டு, பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். சாவி அணைந்திருந்தாலும், புரொப்பெல்லர் சுழலும் வட்டத்துக்குள் நிற்காதீர்கள்.