ஒரே பிராஃப் மியூட்டேஷன், மெலனோமாவுக்கு கேக்குற மாத்திரை குடல் கேன்சருக்கு ஏன் கேக்கல?

மழைத்துளி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு பெருங்குடல் கேன்சர், கல்லீரலுக்கும் பரவிடுச்சு. பயாப்ஸி சாம்பிள ஜீன் டெஸ்டுக்கு அனுப்பினதுல பிராஃப்ன்ற ஜீன்ல வி600இன்ற மியூட்டேஷன் (ஜீன் மாற்றம்) பாசிட்டிவ்னு வந்திருக்கு. நான் தேடிப் படிச்ச வரைக்கும் மெலனோமான்ற தோல் கேன்சர்ல இதே மியூட்டேஷனுக்குன்னே வெமுராஃபெனிப்னு ஒரு மாத்திரை 2011லயே வந்துடுச்சு, கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு கட்டி நல்லா சுருங்குதுன்னு போட்டிருக்கு. அதையே அப்பாவுக்கும் குடுக்கலாமேன்னு டாக்டர்கிட்ட கேட்டேன், "குடலுக்கு அது தனியா வேலை செய்யாது"ன்னு ஒரு வரில முடிச்சுட்டார். கட்டியோட ஜீன பாத்துதான் மருந்துன்னு எல்லா இடத்துலயும் சொல்றாங்களே, ஜீன் ஒண்ணுதானே, அப்புறம் உறுப்பு எதுக்கு குறுக்க வருது? இன்னொண்ணு, ஜீன் கோளாறுன்னா எனக்கும் தங்கச்சிக்கும் வருமா? ராத்திரி தூக்கமே வரல.

லேப்பெஞ்ச்:
டாக்டர் சொன்னது சரிதாங்க, காரணத்தையும் சொல்லியிருந்தா உங்களுக்கு இவ்ளோ குழப்பம் வந்திருக்காது. நான் மாலிக்குலர் பேத்தாலஜில (கட்டியோட ஜீன டெஸ்ட் பண்ற லேப்) வேலை பாக்குறேன், இந்த ரிப்போர்ட் எல்லாம் எங்க கை வழியாத்தான் போகும்.

செல்லுக்கு "வளரு, பிரி"ன்னு சொல்ற சிக்னல் மேல இருந்து கீழ ஒரு வரிசையா வரும். செல்லோட வெளிச்சுவர்ல ஈஜிஎஃப்ஆர் மாதிரி சிக்னல வாங்குற ரிசெப்டர், அதுக்குக் கீழ ராஸ், அப்புறம் பிராஃப், மெக், கடைசில எர்க், எல்லாமே புரோட்டீன்தான். வி600இ வந்துட்டா பிராஃப் மேல இருந்து யாரும் சொல்லாமலே எப்பவும் ஆன்ல இருக்கும், எர்க்கும் ஓடிட்டே இருக்கும். இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, எர்க் ரொம்ப ஓடும்போது அதுவே திரும்பி மேல இருக்குற ஈஜிஎஃப்ஆர அமுக்கி வச்சிடும், அது செல்லோட சொந்தக் கட்டுப்பாடு. இப்ப நீங்க மாத்திரை குடுத்து பிராஃப நிறுத்தினா எர்க் குறையும், எர்க் குறைஞ்சதும் அந்த அமுக்கல் விட்டுப்போகும், ஈஜிஎஃப்ஆர் எழுந்து ராஸ் வழியா சிஆர்ஏஎஃப்ன்ற பிராஃபோட சகோதர புரோட்டீன பிடிச்சு எர்க்க மறுபடி ஓட விட்டுடும். முன்பக்கக் கதவ பூட்டினதும் பின்பக்கக் கதவு தானா திறந்துக்குற மாதிரி. மெலனோமா செல்லுல பொதுவா ஈஜிஎஃப்ஆர் ரொம்பக் கம்மி, அதனால திரும்பி வர வழி இல்ல, மாத்திரை கேக்குது. குடலோட உள்சுவர் செல்லுல ஈஜிஎஃப்ஆர் நிறைய இருக்கும், அதுல இருந்து வந்த கட்டிலயும் அப்படியே. 2012ல ரெண்டு ஆராய்ச்சிக் குழு தனித்தனியா இத காட்டினாங்க. பிராஃப் மாத்திரைய தனியா குடுத்துப் பாத்த ஆரம்ப ட்ரையல்ல குடல் கேன்சர்காரங்கள்ல சுமார் 5 சதவீதம் பேருக்குத்தான் கட்டி சுருங்குச்சு.

அதாவது மியூட்டேஷன் எதுங்கறது பாதிக் கதைதான், அது எந்த செல்லுக்குள்ள உக்காந்திருக்குங்கறது மீதிக் கதை. 2022ல அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்குற எஃப்டிஏ, பிராஃப தடுக்குற டப்ராஃபெனிப், மெக்க தடுக்குற ட்ராமெடினிப் ரெண்டையும் சேத்து வி600இ இருக்குற பரவின கட்டிகளுக்கு, வேற நல்ல வழி இல்லன்னா எந்த உறுப்பா இருந்தாலும் குடுக்கலாம்னு அனுமதிச்சப்பவும் குடல் கேன்சர மட்டும் பேர் சொல்லி விலக்கி வச்சாங்க, இதே காரணத்துக்காகத்தான்.

மழைத்துளி:
ரொம்ப நன்றிங்க, இப்பதான் புரியுது. அப்போ ரெண்டு கதவையும் சேத்து அடைக்க முடியாதா?

கீமோவார்டு:
அடைக்கலாம் தம்பி, அதத்தான் இப்ப செய்றாங்க. என்கோராஃபெனிப் மாத்திரை பிராஃபுக்கு, செடுக்சிமாப் ஊசி ஈஜிஎஃப்ஆருக்கு. செடுக்சிமாப் மட்டும் போட்டா இந்த கட்டிக்கு பெருசா பலன் இருக்காது, ஏன்னா கீழ பிராஃப் தானா ஓடிட்டு இருக்கே. தனித்தனியா தோத்த ரெண்டும் சேந்தாத்தான் கேக்குது. ஏற்கனவே கீமோ எடுத்தவங்களுக்கு இந்த ஜோடிய 2020ல எஃப்டிஏ அனுமதிச்சுது, அந்த ட்ரையல்ல 5ல ஒருத்தருக்கு கட்டி சுருங்குச்சு. 2024 டிசம்பர்ல ஆக்சாலிபிளாட்டின் இருக்குற கீமோவோட சேத்து முதல் சிகிச்சையாவே குடுக்கவும் அனுமதி வந்துடுச்சு, அதுல சுமார் 60 சதவீதம் பேருக்கு சுருங்குச்சு, ஜோடி இல்லாத வழக்கமான சிகிச்சைல 40. இது குணமாக்கிடும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா இந்த மியூட்டேஷன்னு கேட்டாலே கை விரிச்ச காலத்துல இருந்து நான் இந்த வார்டுல இருக்கேன், அப்ப இருந்ததுக்கும் இப்பத்துக்கும் நிஜமாவே வித்தியாசம் இருக்கு.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் கண்டிப்பா பாருங்க. ரிப்போர்ட்ல எம்எஸ்ஐன்னு ஒரு வரி இருக்கும். ஹைன்னு போட்டிருந்தா வழியே மாறிடும், டிஎன்ஏ தப்ப சரிபண்ற அமைப்பு கெட்டுப்போன கட்டி அது, அதுல மியூட்டேஷன் குவிஞ்சு கிடக்கறதால உடம்போட எதிர்ப்பு செல்லுங்க அத அடையாளம் கண்டுபிடிக்க முடியும். அவங்களுக்கு பெம்ப்ரோலிசுமாப் மாதிரி, அந்த எதிர்ப்பு செல்லுங்கள கட்டிய தாக்க விடுற இம்யூனோதெரபிதான் முதல்ல யோசிப்பாங்க, பிராஃப் இருந்தாலும்.

லேப்பெஞ்ச்:
எம்எஸ்ஐ பாயிண்ட நான் விட்டுட்டேன், நல்லதா சொன்னீங்க. பரம்பரை பத்தி கேட்டதுக்கு: பிராஃப் வி600இ அப்பா பொறந்தப்ப வந்தது இல்ல, வாழ்நாள்ல அந்த கட்டி செல்லுல மட்டும் வந்தது, பிள்ளைங்களுக்கு போகாது. குடல் கேன்சர குடும்பத்துல கொண்டுவர்ற லிஞ்ச் சிண்ட்ரோம்ல வி600இ ரொம்ப அபூர்வம், கட்டில டிஎன்ஏ தப்ப சரிபண்ற எம்எல்எச்1 புரோட்டீன் காணாமப்போய் கூடவே வி600இயும் இருந்தா லிஞ்ச் இல்லைங்கறதுக்கே அத ஆதாரமா எடுத்துக்குவோம். ஆனா அப்பாவுக்கு வந்திருக்குங்கறதால நீங்களும் தங்கச்சியும் கொலனோஸ்கோபிய (குழாய் விட்டு குடல பாக்குற டெஸ்ட்) சீக்கிரமே ஆரம்பிக்கணும், பொதுவா 40 வயசு, இல்லன்னா அப்பாவுக்கு கண்டுபிடிச்ச வயசுக்கு 10 வருஷம் முன்னாடி, எது முதல்ல வருதோ அது.

மழைத்துளி:
ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தேன், எம்எஸ்ஐ பக்கத்துல "ஸ்டேபிள்"னு இருக்கு. அப்போ அந்த ஜோடி மருந்துதானே? அதுவும் கொஞ்ச நாள்ல கேக்காம போனா என்ன பண்ணுவாங்க?

கீமோவார்டு:
ஆமா, ஸ்டேபிள்னா ஹை இல்லைன்னு அர்த்தம், அப்ப அந்த ஜோடிய பத்தித்தான் டாக்டர்கிட்ட பேசணும், முதல் சிகிச்சைலயே கீமோவோட சேத்து ஆரம்பிக்கலாமான்னு நேரா கேளுங்க. கேக்காம போறது நடக்கும், மறைக்க விரும்பல. கட்டில எல்லா செல்லும் ஒரே மாதிரி இல்ல, மருந்துக்கு அடங்காத சில செல்லு வளந்து வரும், பெரும்பாலும் கேராஸ்ன்ற (ராஸ்ல ஒரு வகை) ஜீன்ல மியூட்டேஷனோ, மெட்ன்ற ஜீன் பல நகலா பெருகறதோ காரணமா இருக்கும். ரத்தத்துல மிதக்குற கட்டி டிஎன்ஏவ வச்சு சில சமயம் ஸ்கேன்ல தெரியறதுக்கு முன்னாடியே அத பிடிக்க முடியும், மறுபடி ஊசி குத்தி கல்லீரல்ல இருந்து சதை எடுக்க வேண்டியிருக்காது. அப்ப என்ன வந்திருக்குன்னு பாத்துதான் அடுத்த மருந்தோ ட்ரையலோ முடிவு பண்ணுவாங்க.