லீட்ஸ் பக்கத்து ஆங்கிலம் காதில் பிடிபட என்ன வழி?

இங்கிலாந்தில் லீட்ஸ் நகர முதியோர் இல்லம் ஒன்றில் ஆறு மாதமாக வேலை பார்க்கிறேன். நான் பேசுவது அவர்களுக்குப் புரிகிறது, அவர்கள் பேசுவதுதான் எனக்குப் பிடிபடவில்லை. லீட்ஸ் இருக்கும் வட இங்கிலாந்தில் ‘கப்’ என்பது ‘குப்’, ‘பஸ்’ என்பது ‘புஸ்’, ‘பாத்’ குறுகி ‘பத்’ ஆகிவிடுகிறது. பெரியவர்களின் பேச்சு ஓரளவு பழகிவிட்டது. கூட வேலை செய்யும் இளசுகள் வேறு மாதிரி: ‘த்ரீ’ அவர்கள் வாயில் ‘ஃப்ரீ’, ‘ஷெட்யூல்’ இப்போது ‘ஸ்கெட்யூல்’. மாத்திரை விஷயம் என்பதால் ஒவ்வொன்றையும் திரும்பக் கேட்டுத்தான் செய்கிறேன்.

அகராதிச் செயலியில் பிரிட்டிஷ் குரல் வைத்துப் பார்த்தேன், அது தெற்கத்தி உச்சரிப்பு. செய்திகளை வேகம் குறைத்தும் கேட்டேன். இங்கே யாரும் அப்படி நிறுத்தி நிதானமாகப் பேசுவதில்லை.

யார்க்‌ஷயர் (லீட்ஸ் இருக்கும் வட்டாரம்) பேச்சை எழுத்து வடிவத்தோடு சேர்த்துக் கேட்டுப் பழக நல்ல ஒலிப்பதிவுகள் எங்கே கிடைக்கும்?