நலன்புரி நிதி எதற்கு? மலைநாட்டு நில அளவையாளர் கிளையின் பிரேரணை குறித்த விவாதம்

ஹட்டன் அளவையாளர்:
எதிர்வரும் வருடாந்தப் பொதுக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வரவிருக்கும் பிரேரணையைப் பற்றி நமது சங்கத்தின் மலைநாட்டுக் கிளை அங்கத்தவர்கள் முன்கூட்டியே எழுத்தில் கருத்துச் சொல்வது நல்லது என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். ஆண்டுதோறும் நுவரெலியாவில் ஹோட்டல் எடுத்து இரண்டு நாள் நடத்தும் குடும்ப ஒன்றுகூடலை நிறுத்திவிட்டு, நலன்புரி நிதியில் அதற்கென ஒதுக்கப்படும் தொகையை நான்கு காரியங்களுக்குத் திருப்ப வேண்டும் என்பதே பிரேரணை. இப்போது அங்கத்தவர்களுக்கு மட்டும் உள்ள விபத்துக் காப்புறுதியைக் கள உதவியாளர்களுக்கும் விரிவாக்குவது. கிளைக்கென, செய்மதிகளைக் கொண்டு இடத்தை நிர்ணயிக்கும் ஜிஎன்எஸ்எஸ் கருவித் தொகுதி ஒன்றை வாங்கி வாடகையின்றிப் பகிர்ந்து பயன்படுத்துவது. ஓய்வுபெற்ற, காலமான அளவையாளர்களின் களப் புத்தகங்களையும் (களத்தில் எழுதிய அளவீட்டுக் குறிப்பேடுகள்) காணிப் படங்களையும் திரட்டிப் பாதுகாப்பது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை தோட்டப் பகுதியொன்றில் இலவச ஆலோசனை நாள் நடத்துவது.

நமக்குத் தொழில் செய்யும் உரிமையைத் தருவது 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின் கீழ் அமைந்த பேரவை. அங்கு பதிந்து ஆண்டு உரிமம் பெறாமல் யாரும் படத்தில் கையொப்பமிட முடியாது. நமது கிளையில் சேராமலேயே தொழில் செய்யலாம் என்பதை இளையவர்கள் நன்றாக அறிவார்கள். அப்படியிருக்கச் சந்தா கட்டி ஏன் சேர வேண்டும் என்று அவர்கள் கேட்கும்போது, நாட்குறிப்பேட்டையும் இராப்போசனத்தையும் தவிர வேறு எதைக் காட்டுகிறோம்?

காப்புறுதியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பார்வைக் கோடு திறப்பதற்காகக் கத்தியோடு முன்னே செல்பவரும் கருவியின் ஒளியைத் திருப்பும் பிரிசம் கம்பைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் நிற்பவரும் நமது உதவியாளர்கள். தேயிலை மலையில் குளவிக்கூடு கலைந்தால் முதற்கொட்டு வாங்குபவரும் அவர்தான். கருவிக்குப் பின்னால் ஐம்பது மீற்றர் தள்ளி நிற்கும் நமக்குக் காப்புறுதி இருக்கிறது, அவருக்கு இல்லை.

பதுளை மூத்தவர்:
தம்பியின் பிரேரணையில் நல்ல நோக்கம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் நான் எதிர்த்தே வாக்களிப்பேன்.

ஒன்றுகூடலை வெறும் இராப்போசனம் என்று எழுதியிருக்கிறீர்கள். நமது தொழில் தனியாள் தொழில். பசறையில் இருப்பவர் பொகவந்தலாவையில் இருப்பவரை ஆண்டு முழுவதும் காண்பதில்லை. காண நேர்ந்தாலும் நீதிமன்றத்தில் எதிரெதிர்த் தரப்புப் படங்களோடுதான் காண்கிறோம். மனைவி மக்களோடு ஒரே மேசையில் இருந்து உண்டவர்கள், எல்லைத் தகராறு வரும்போது ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்து, “உங்கள் படத்தில் வடக்கு எல்லையை எதிலிருந்து எடுத்தீர்கள்?” என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டதால் வழக்காகாமல் முடிந்த விடயங்களை நான் அறிவேன். அங்கத்துவத்தின் பெரும் பயன் அதுவே என்பது என் கருத்து; அதற்கு ரசீது கிடையாது, ஆகையால் கணக்கறிக்கையில் தெரிவதில்லை.

ஆலோசனை நாளை ஏற்கவே முடியாது. நேரில் காணாத காணியைப் பற்றி அளவையாளர் வாய் திறக்கக் கூடாது என்று எனக்குத் தொழில் கற்பித்தவர் சொல்வார். நாம் மேசை போட்டு உட்கார்ந்து, “இருக்கலாம்” என்று சொன்னால், கேட்டவர் ஊருக்குப் போய் “சங்கத்தார் எனது என்று சொல்லிவிட்டார்கள்” என்று வேலி போடுவார். மேலும் தோட்டக் காணி யாருடையது? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின் பின் அரசுடைமையாகி, 1992இல் தொடங்கிய தனியார்மயத்தின்போது 53 ஆண்டுக் குத்தகைக்குக் கம்பனிகளிடம் போன நிலம் அது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருப்பவரிடம் காணி உறுதிப் பத்திரமும் இல்லை, படமும் இல்லை. அது அரசியல் தீர்க்க வேண்டிய காரியம். அளவையாளர் அங்கே போய் எதை ஆலோசிப்பது? இல்லாத நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு வருவதா?

பசறைப் பட்டதாரி:
பதுளை ஐயா அவர்களின் கேள்விக்குக் களத்தில் கண்ட ஒன்றையே பதிலாகத் தருகிறேன்.

வீடமைப்புத் திட்டங்களில் குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச் காணி ஒதுக்கப்பட்ட இடங்கள் பல உள்ளன. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஆகவே 7 பேர்ச் ஏறத்தாழ 1,906 சதுர அடி. படத்தில் வருவது கிடைப்பரப்பு, அதாவது சரிவை நீக்கி மட்டமாகக் கணக்கிட்ட பரப்பு. வீட்டுக்காரரோ நாடாவைச் சரிவோடு சரிவாகத் தரையில் படுக்கவைத்து அளக்கிறார். நிலம் 30 பாகை சரிந்திருந்தால், சரிவு நெடுகிலும் 100 அடி என்று அவர் அளப்பது படத்தில் 86.6 அடிதான். அதே துண்டை அவர் கணக்கிட்டால் 2,200 சதுர அடி, அதாவது எட்டுப் பேர்ச்சுக்குச் சற்று மேல் வரும். “என்னிடம் எட்டுப் பேர்ச் இருக்கிறது, அளவையாளர் ஒன்றைக் குறைத்து எழுதிவிட்டார்” என்று அவர் சொல்வதில் வஞ்சகம் இல்லை. அவருக்கு யாரும் விளக்கவில்லை. இன்னொருவரோ தரையில் 1,906 சதுர அடியை அளந்து வேலி போட்டுவிட்டு, உண்மையில் ஆறு பேர்ச்சையே பிடித்திருப்பதை அறியாமல் இருக்கிறார்; மிகுதியை அயலவர் பயிர் செய்கிறார். பத்து ஆண்டு கழித்துப் பிள்ளைகள் காலத்தில் கைகலப்பாகும். இதை விளக்குவதற்குக் காணியை நேரில் காண வேண்டியதில்லை, யாருடைய உரிமை என்று தீர்ப்புக் கூறவும் வேண்டியதில்லை. ஒரு கம்பும் ஒரு நாடாவும் ஒரு தூக்குக்குண்டும் இருந்தால் அரை மணி நேரத்தில், தமிழில், கண்முன்னே காட்டிவிடலாம்.

ஒன்றுகூடல் பற்றி ஒரு வார்த்தை. கடந்த முறை அங்கத்தவராகக் கலந்துகொண்ட எனக்குக் கொடுக்கப்பட்ட அட்டையில் “குடும்பத்தினர்” என்று இருந்தது. அந்த மேசை உறவுகள் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்தன என்று எண்ண வேண்டாம்.

மாத்தளைக்காரர்:
நான் இரு பக்கமும் முழுதாக நிற்பவன் அல்லன். கருவி வாங்குவதை எதிர்க்கிறேன். களப் புத்தகங்களைத் திரட்டுவதற்கு மட்டும் முழு நிதியையும் கொடுக்கச் சம்மதம்.

பொதுக் கருவி என்பது யாருடையதும் அல்லாத கருவி. அதன் மின்கலம் யார் பொறுப்பு, முக்காலி விழுந்தால் யார் செலவு, பிழையான அளவீடு நீதிமன்றம் சென்றால் முன்னர் வாங்கிச் சென்றவர் அமைப்பை மாற்றிவிட்டார் என்று சொல்லித் தப்ப முடியுமா? றம்பொடைப் பக்கம் போன்ற ஒடுங்கிய பள்ளத்தாக்குகளிலும் சவுக்கு, யூக்கலிப்டஸ் மரங்களின் கீழும் வானம் பாதிகூடத் திறந்திருப்பதில்லை. அங்கே செய்மதிச் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பி வந்து தவறான நிலையைக் காட்டும். கடைசியில் கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனைத்தான் விரிக்க வேண்டும்.

களப் புத்தக விடயத்துக்கு வருகிறேன். கூட்டுரிமைக் காணியைப் பங்கு பிரிக்கும் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் நீதிமன்ற ஆணை பெற்றுக் காணிக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும். வழக்காளி கொடுக்கும் பழைய படத்தின் பிரதி மங்கிப் போயிருக்கும்; அளவுகோல் தெரியாது; அதில் எல்லையாகக் குறிக்கப்பட்ட பலாமரம் விறகாகி ஒரு தலைமுறை கழிந்திருக்கும். அந்தப் படத்தை வரைந்தவரின் களப் புத்தகம் கிடைத்தால் நிலைமையே வேறு. சங்கிலியால் அளந்த நீளமும் திசைகோளும் (கோட்டின் திசைக் கோணம்) வரிசையாக இருக்கும். ஓரத்தில் பென்சிலால், “கல் புதிது, உரிமையாளர் காட்டியது” என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்த நான்கு சொற்கள் படத்தில் ஏறியிராது. ஆனால் கல் எல்லையில் இருந்ததா, எல்லையாகக் காட்டப்பட்டதா என்ற முழு வழக்கும் அதில்தான் தங்கியிருக்கிறது. இப்புத்தகங்கள் இன்று கண்டியிலும் மாத்தளையிலும் பழைய வீடுகளின் பரண்களில் கிடந்து கரையானுக்கு உணவாகின்றன. ஒருவருடைய அலுவலகத்தைப் பிள்ளைகள் ஒழித்துக் கொடுத்தபோது மூட்டை மூட்டையாகப் பழைய தாள்காரரிடம் நிறுத்துப் போட்டதைக் கண்டேன். நான் போய்ச் சேர்வதற்குள் லொறி போய்விட்டது.

பதுளை மூத்தவர்:
மாத்தளைக்காரர் எழுதியதை வரிக்கு வரி ஏற்கிறேன். ஆனால் அதைக் கொண்டே ஒன்றுகூடலின் தேவையை நிறுவுவேன். காலமான அளவையாளரின் களப் புத்தகத்தைச் சங்கத்தின் கடிதத் தலைப்பைக் கண்டு யாரும் தூக்கிக் கொடுப்பதில்லை. அவருடைய மனைவிக்கு நம்மை முகம் தெரிந்திருக்க வேண்டும். பத்து ஆண்டு ஒரே பந்தியில் இருந்தவர் வந்து கேட்டால் அம்மையார் பரண் சாவியைத் தருவார். செயற்குழு வேனில் வந்திறங்கினால் இவர்கள் எதையோ அள்ளிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று எண்ணுவார். ஒன்றுகூடலை நிறுத்திவிட்டு ஆவணம் திரட்டப் போகிறோம் என்பது கிணற்றைத் தூர்த்துவிட்டுத் தொட்டி கட்டுவதாகும்.

பசறைப் பிள்ளையின் அட்டையில் நேர்ந்தது வெட்கக்கேடு. அதைத் திருத்த வேண்டும். திருத்துவதும் ஒழிப்பதும் ஒன்றல்ல.

சரிவுக் கணக்கு விளக்கம் அருமையாக இருந்தது. ஆயினும் அந்த மேசைக்கு வருகிறவர் கணக்கை மட்டும் கேட்டுவிட்டுப் போவாரா? இரண்டாவது கேள்வி, “அப்படியானால் அயலவரின் வேலி என் பக்கம் வந்திருக்கிறதல்லவா?” என்பதாகத்தான் இருக்கும். அதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பசறைப் பட்டதாரி:
“அளந்தால்தான் தெரியும், உரிமம் பெற்ற அளவையாளர் ஒருவரை அமர்த்துங்கள்” என்று சொல்வேன், ஐயா. அப்படி அமர்த்த வேண்டும் என்பதே தெரியாமல், நாடாவோடு வரும் யாருக்கோ பணம் கொடுத்துக் கையொப்பமில்லாத தாளை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு அந்த ஒரு வாக்கியமே பெரிய உதவி. நமது வேலை குறையும் என்ற அச்சத்துக்கும் அதுவே பதில் என்று நினைக்கிறேன்.

ஹட்டன் அளவையாளர்:
கருவி பற்றிய மறுப்புக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஒடுங்கிய பள்ளத்தில் ஜிஎன்எஸ்எஸ் தடுமாறும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு எல்லைக்கல்லையும் அதைக் கொண்டு அளக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வானம் திறந்த முகட்டில் இரண்டு புள்ளிகளைத் தேசிய ஆள்கூற்று முறையோடு இணைத்துவிட்டால், பள்ளத்துக்குள் டோட்டல் ஸ்டேஷன் இறங்கலாம்.

இது ஏன் மலைநாட்டில் அவசரம் என்றால், 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியாபெத்தையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மலைச்சரிவு வந்து லயங்களை மூடிய இடத்தில் கல்லும் மரமும் ஓடையும் மண்ணோடு நகர்ந்துவிடும். ஓடையின் வளைவிலிருந்து இத்தனை சங்கிலி என்று வரைந்த படத்தை வைத்துக்கொண்டு அங்கே எதை மீளக் குறிப்பது? நாட்டின் ஆள்கூறுகள் நமது பிதுருதலாகல மலையைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, அப்புள்ளிக்குக் கிழக்கும் வடக்கும் தலா 5,00,000 மீற்றர் என்ற எண்ணைக் கொடுத்துத் தொடங்குகின்றன. அந்த முறையோடு இணைந்த படம், தரை நகர்ந்தாலும் நகராது. அண்டை மலையில் நிற்கும் கட்டுப்பாட்டுப் புள்ளியிலிருந்து எல்லையைத் திரும்ப வரைந்துவிடலாம். களப் புத்தகத்தைக் காப்பது இறந்தகாலத்துக்கான காப்பு என்றால், இது இனி வரும் சரிவுக்கான காப்பு. தனியாக இக்கருவியை வாங்கும் வசதி புதிதாக உரிமம் எடுத்த ஒருவருக்கு இல்லை. பெரிய அலுவலகம் வைத்திருப்பவர்களுக்குத் தேவையில்லாதது எல்லோருக்கும் தேவையில்லாதது ஆகிவிடாது.

பயன்பாட்டு விதிகளை எழுதிக்கொள்வோம். எடுத்துச் செல்லும் ஒவ்வொருவரும் தெரிந்த புள்ளியொன்றில் வைத்துச் சரிபார்த்து அந்த அளவீட்டைப் பதிவேட்டில் குறித்த பிறகே வேலைக்குப் போக வேண்டும் என்றால், முன்னர் எடுத்தவர் மீது பழி போட வழியிராது. பயிற்சிக்குக் கொழும்புக்கு ஓட வேண்டியதும் இல்லை. தியத்தலாவையில் நில அளவைப் பயிற்சி நிறுவனத்தை நம் காலடியில் வைத்துக்கொண்டு, ஒரு பயிற்சி நாளைக்கூட இதுவரை கேட்டுப் பெறாமல் இருக்கிறோம்.

பொருளாளர்:
செயற்குழு சார்பில் ஒரு விளக்கம். கள உதவியாளர்களைச் சேர்ப்பதற்குக் காப்புறுதிக் கம்பனி பெயர்ப் பட்டியலும் அடையாள அட்டை இலக்கமும் கேட்கிறது. நம்மில் பெரும்பாலானோர் அன்றன்று கிடைப்பவரைக் கூலிக்கு அழைத்துச் செல்கிறோம். பட்டியலில் இல்லாதவருக்கு விபத்து நேர்ந்தால் இழப்பீடு கிடையாது.

மாத்தளைக்காரர்:
அப்படியானால் நிரந்தரமாக இருவரை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கம்பனி நமக்குச் சொல்கிறது. சொல்வதில் நியாயம் இருக்கிறது. அட்டை கடிக்கு உப்புக் கொண்டுபோக மறக்காத நாம், கூட வருபவரின் முழுப் பெயரைக் கேட்க மறந்துவிடுகிறோம். அன்றைய களப் புத்தகத்தின் தலைப்பில் திகதியையும் வானிலையையும் எழுதும் இடத்திலேயே உதவியாளர்களின் பெயரையும் எழுதினால், பட்டியல் தானாகவே சேரும்.

பதுளை மூத்தவர்:
நான்கு காரியங்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டி ஒரே வாக்குக் கேட்பதைத்தான் முதலில் எதிர்க்கிறேன். ஆகவே எழுத்தில் ஒரு திருத்தப் பிரேரணை அனுப்புகிறேன். ஒன்றுகூடல் ஹோட்டலை விட்டுத் தியத்தலாவைக்கோ பண்டாரவளைக்கோ மாறட்டும்; ஒரு நாளாகச் சுருங்கட்டும்; காலையில் பயிற்சி, மாலையில் குடும்பங்கள். கள உதவியாளர்களும் தங்கள் குடும்பத்தோடு அழைக்கப்படட்டும். காப்புறுதியும் களப் புத்தகக் காப்பும் ஒரு வாக்காகவும், கருவி தனி வாக்காகவும், ஆலோசனை நாள் தனி வாக்காகவும் எடுக்கப்பட வேண்டும்.

ஆலோசனை நாளுக்கு எதிராகவே கையுயர்த்துவேன். நிறைவேறிவிட்டால், அங்கு எவருக்கும் எழுத்தில் எதுவும் கொடுக்கப்படாது, எந்தக் காணியின் படமும் அந்த மேசையில் விரிக்கப்படாது என்ற இரண்டு நிபந்தனைகளைக் கூட்டக் குறிப்பில் பதியக் கேட்பேன்.

பசறைப் பட்டதாரி:
முதல் நிபந்தனையை ஏற்கலாம், ஐயா. இரண்டாவதை ஏற்க மாட்டேன். தன் படத்தைத் தானே வாசிக்கத் தெரியாதவர்தான் அந்த மேசைக்கு வருவார். அதைச் சுருட்டியே வைத்திருக்கச் சொல்லிவிட்டு அவருக்கு வேறு எதை விளக்குவது? இந்த ஒரு நிபந்தனைக்கு எதிராகக் கூட்டத்தில் பேச நேரம் ஒதுக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.