பலகைகள் சேரும் இடத்தில் பெட்டிகள் தடம் புரள்கின்றன

கேள்வி:
ஹெச்ஓ அளவில், அதாவது 1:87-ல், மாதிரி ரயிலுக்கு ஒரு சிறிய கிளைப்பாதை நிலையம் செய்துகொண்டிருக்கிறேன். நிரந்தரமாக வைக்க இடமில்லை. அதனால் 4 அடிக்கு 2 அடி ப்ளைவுட் பலகைகள் இரண்டு. ஓட்டி முடித்ததும் கழற்றி அலமாரி மேல் ஏற்றிவிடுவேன். முதல் சில நாட்கள் அருமையாக ஓடியது. நாலைந்து முறை கழற்றி மாட்டியபின் இன்ஜின் எப்படியோ தாண்டிவிடுகிறது, பின்னால் வரும் பெட்டிகள் இணைப்பில் இறங்கிவிடுகின்றன. இரண்டு போல்ட் போட்டு நன்றாகத்தான் இறுக்கியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில் 1:
போல்ட் இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். பலகையை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்கார வைக்க அதனால் முடியாது, ஏனென்றால் துளை எப்போதும் போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். தண்டவாளத்தைத் தாண்டிக் கீழே நீளும் சக்கர விளிம்பு சுமார் 1 மி.மீ.தான், அரை மி.மீ. நகர்ந்தாலே கதை முடிந்தது. பித்தளையில் ஆண், பெண் ஜோடியாக வரும் டவல் (dowel, ஒன்றின் முளை மற்றதன் குழிக்குள் கச்சிதமாக உட்காரும்) இரண்டு பதியுங்கள், எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி. இணைப்பில் ஒன்றையொன்று தொடும் முகப்புப் பலகைகள் இரண்டையும் கிளாம்ப் போட்டுச் சேர்த்துப் பிடித்து ஒரே மூச்சில் துளையிட வேண்டும்.

அப்புறம்தான் தண்டவாளம். இணைப்பின் இரு பக்கமும் கடைசி இரண்டு பிளாஸ்டிக் ஸ்லீப்பர்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் அடியில் ஒரு பித்தளை ஸ்குரூ இறக்குவேன். தலை தண்டவாளத்தின் அடியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்வரை கால் திருப்பாக இறக்குவது. இதற்கே எனக்கு ஒரு மாலை முழுவதும் போய்விடும். பிறகு இணைப்பைக் கடந்து போகும் முழுத் தண்டவாளத்தையும் ஸ்குரூக்களோடு சால்டர் செய்துவிட்டு, எல்லாம் ஆறியபின் மெல்லிய ரம்பத்தால் நடுவில் அறுங்கள். ஒரே தண்டவாளமாக இருந்தது என்பதால் இரண்டு முனையும் நேராகவே நிற்கும்.

பதில் 2:
தண்டவாளம் வழியாக இன்ஜினுக்குப் போகும் மின்சாரத்தையும் பாருங்கள். இணைப்பில் தண்டவாளம் தொட்டுக்கொள்வதை நம்பாதீர்கள். ஒவ்வொரு பலகைக்கும் அடியில் தனி வயர் ஓட்டி, பலகைகளுக்கு இடையே பிளக் வையுங்கள். கால்களின் அடியில் திருகி உயர்த்தும் போல்ட்டும் வேண்டும், எந்தத் தரையும் சமமாக இருப்பதில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. டவல் சரி, செய்துவிடுகிறேன். ஆனால் என் பாயிண்ட் (ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பிரிவு) ஒன்று இணைப்புக்கு இரண்டு விரல் தள்ளித்தான் இருக்கிறது. ஸ்குரூ வைக்கும் அளவுக்கு நேர்த் தண்டவாளம் இல்லை.

பதில் 1:
பாயிண்டை நகர்த்திவிடுங்கள். வருத்தமாகத்தான் இருக்கும், நானும் ஒரு முறை பிய்த்துப் போட்டிருக்கிறேன். இணைப்பின் இரு பக்கமும் ஒரு சாண் அளவு நேர்த் தண்டவாளம், அதுவும் பலகை ஓரத்துக்குச் செங்குத்தாக. தூக்கும்போது சட்டைக் கை மாட்டி அந்த முனைகள் பிடுங்கிக்கொண்டு வராமலிருக்க, இரண்டு பலகையையும் முகத்தோடு முகம் பார்க்க வைத்து, பக்கங்களில் தடுப்புப் பலகை போட்டுத் திருகிவிடுங்கள். நிலையத்தின் கூரை இடிக்காத உயரம் இருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.